மூன்று துண்டாக வந்த ரேசர் தொடர்பாக

மாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

திரு. அஜின் அவர்களுக்கு,

மாத்தூரிலிருந்து மாசானம் எழுதுவது. இங்கே நானும் முத்தம்மாவும் சௌகரியம். ராயபுரத்தில் நீங்களும் என் மகள் எழில்மொழியும் சௌகரியம் என்பதை முத்தம்மா தினமும் போனில் கேட்டு, நான் கேட்காமலே எனக்குச் சொல்லிவிடுவதால், அதைத் தனியாக விசாரிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. தாங்கள் அனுப்பிய சவரப் பெட்டி கிடைத்தது. ஒரு பொருள் கைக்கு வந்தால் வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுவது மரியாதை. அந்த மரியாதைக்காக மட்டுமே இந்தக் கடிதம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் என் மகளைக் கல்யாணம் செய்துகொண்ட விஷயத்தில் என் நிலைப்பாட்டில் மாற்றம் ஏதும் இல்லை. உங்கள் வீட்டு வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலுக்கு நீங்களும் வரக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான். இதைத் தெளிவுபடுத்திவிட்டு ரேசருக்கு வருகிறேன்.

மணலியில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் நான் ஷிப்ட் ஆபரேட்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வேலையில் தாடி வளர்க்க முடியாது. கேஸ் மாஸ்க் தாடையோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் முள்ளு முள்ளாக முடி இருந்தால் கேஸ் உள்ளே புகுந்துவிடும். ஆகவே இத்தனை வருடமும் தினம் தவறாமல் சவரம் செய்து வந்தேன். செய்து வந்தேன் என்றால், குளிக்கிற சோப்பையே முகத்திலும் தேய்த்து, பெட்டிக்கடையில் அட்டையில் தொங்கும் பிளாஸ்டிக் ரேசரால் வறட்டு வறட்டென்று இழுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அதன் பலனாகக் கழுத்தெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பி, தடவினால் பலாப்பழத்தைத் தடவுவது போல் ஆகிவிட்டது. போன மாதம் மாஸ்க் டெஸ்ட் வைத்தார்கள். மாஸ்க்கைப் போட்டுத் தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். மாஸ்க் ஒட்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. எனக்கு நாக்கிலிருந்து தொண்டை வரை கசந்தது. சேப்டி ஆபீசர், "சார், அடுத்த தடவையும் கசந்தா உங்களை எடைமேடைக்கு மாத்தணும் சார்" என்று மெதுவாகத்தான் சொன்னார். பிளாண்ட்டே என் கையில் என்று நடந்தவன், லாரிக்கு எடை போட்டுச் சீட்டுக் கிழிக்கப் போக வேண்டுமாம். இதைப் பற்றி வீட்டில் நான் மூச்சு விடவில்லை. முத்தம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு எழிலிடம் சொல்ல, எழில் உங்களிடம் சொல்ல, சலூன் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற நீங்கள் உடனே வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து பெட்டி கட்டிக் கூரியரில் போட்டுவிட்டீர்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து மாத்தூருக்குக் கூரியரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு எப்படிக் கொண்டுவருவது, வாசலுக்கு வராதே என்று சொன்னது யார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் நியாயம்தான்.

பெட்டியைப் பிரித்தேன். ரேசர் மூன்று துண்டாகக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! "பார்த்தியா உன் மருமவன் லட்சணத்தை, விக்காத சரக்கை என் தலையில கட்டிட்டான், அதுவும் உடைஞ்ச சரக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். முத்தம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "யோவ், ஒடைலய்யா. இங்க பாரு, மரை கீது. திருவுனா சேந்துக்கும். பிளாண்ட்ல இன்னாதான் வேல பாக்குறியோ" என்று சொல்லித் தானே திருகியும் காட்டினாள். நான் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். அவளையும் ரொம்ப மெச்சிவிட வேண்டாம். பெட்டியில் இருந்த பிரஷ், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவ மாப்பிள்ளை தனக்கு அனுப்பியது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் காலையில் தோசை சாப்பிட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. "எம்மா மெத்துன்னு கீது தெரியுமா" என்று அவள் அதைத் திருப்பித் தருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் நாள் சவரம். வெந்நீரில் பிரஷை ஊறவைத்து, சோப்புக் கிண்ணத்தில் சுற்றச் சொல்லி நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்று எழுதவில்லை. நுரை கிண்ணத்தைத் தாண்டி, கையைத் தாண்டி, வாஷ்பேசின் விளிம்பில் வழிந்தது. "இன்னாய்யா, பாத்ரூம்ல பொங்கலா வச்சுகினுகீறே?" என்றாள் முத்தம்மா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தச் சந்தன வாசனை! எண்ணூர்ப் பக்கமிருந்து கம்பெனி நாற்றத்தோடு காற்று அடிக்கிற நாளில்கூட அரை மணி நேரம் மூக்கில் நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிளாஸ்டிக் ரேசரை அழுத்துகிற அழுத்தில் இதையும் அழுத்தி இழுத்தேன். நான்கு இடத்தில் ரத்தம். ரத்தம் நிற்கட்டும் என்று பெட்டியிலிருந்த படிகாரக் கட்டியை ஈரத்தோடு தேய்க்க, எரிச்சலில் நான் போட்ட சத்தத்துக்கு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன ஏது என்று கேட்டார். காகிதத் துண்டுகளைத் தாடையில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனால், என்னோடு ஷிப்ட் பார்க்கிற காஜா மொய்தீன், "இன்னா மாமு, வூட்ல அண்ணியாண்ட வாய் குடுத்துட்டியா?" என்று கண்ட்ரோல் ரூம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தான்.

இதற்குப் பிறகு யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்களிடம் நான் பேசுவதில்லை. எழிலிடமும் வருடம் ஒன்றாகப் பேச்சில்லை. ஆகவே முகத்தில் நுரையோடு நான் கேட்பேன், அதை முத்தம்மா போனில் எழிலிடம் கேட்பாள், எழில் உங்களிடம் கேட்பாள், பதில் அதே வழியில் திரும்பி வரும். கேள்வி போய்ச் சேர்வதற்கு முன் நேற்று என்ன குழம்பு, மழைக்கு ராயபுரத்தில் தண்ணீர் நின்றதா, பக்கத்து வீட்டு ஷம்ஷாத்துக்குக் குழந்தை பிறந்ததா என்று எல்லாம் பேசி முடிக்க வேண்டும். அதற்குள் நுரை காய்ந்து முகத்தில் பொருக்கு தட்டிவிடும். ஒருநாள் பொறுக்காமல், "ரேசரைச் சாய்ச்சுப் பிடிக்கணுமா, நேராப் பிடிக்கணுமா, அதைக் கேளுடீ" என்று அலறினேன். முத்தம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நீயே பேசேன்யா. பேசுனா வாயில இருக்குற முத்து கொட்டிருமா?" என்றாள். என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்களோடு எனக்கென்ன பேச்சு என்றேன். "அடேங்கப்பா! என்னிய முகத்துவாரக்குப்பத்துலேர்ந்து இட்டுகினு வந்தியே, எங்க நைனாவக் கேட்டுகினா இட்டுகினு வந்தே?" என்றாள். அது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்பதற்குள் முகத்தைக் கழுவப் போய்விட்டேன்.

போன வியாழக்கிழமை மறுபடி மாஸ்க் டெஸ்ட், பதினோரு மணிக்கு. கன்னம் இரண்டும் அதற்குள் எனக்குப் படிந்துவிட்டன, கழுத்து மட்டும் தினமும் பொரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து முத்தம்மா தன் அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று முகத்துவாரக்குப்பம் போய்விட்டாள். போன் அடித்தால், அங்கே அலறுகிற ஸ்பீக்கரில் அவளுக்குக் கேட்கவா போகிறது? பாதி முகம் சவரம், பாதி முகம் நுரை, கையில் பிளேடு. எழிலுக்கு அடிக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து மகளிடம் பேசும் முதல் பேச்சே கழுத்து முடியைப் பற்றியா என்று வெட்கமாக இருந்தது. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் கடை நம்பர் இருந்தது. வீடியோவில் அடித்துவிட்டேன்.

நீங்கள் எடுத்தீர்கள். கடையில் கூட்டம். என் மூஞ்சியைப் பார்த்து ஒரு நொடி திகைத்தீர்கள், சிரிக்கவில்லை. எதிரில் நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுக்கணும், எங்க மாமா லைன்ல இருக்காங்க" என்றீர்கள். உள்ளே கொண்டுபோய்ப் போனை நிறுத்தி வைத்துவிட்டு, "மாமா, கழுத்தைக் கையால தடவிப் பாருங்க. எந்தப் பக்கம் வழுக்குது? மேலயா, கீழயா?" என்று கேட்டீர்கள். மேலே என்றேன். "அப்போ உங்களுக்கு முடி மேல பாத்து வளருது. நீங்க மேலேருந்து கீழ இழுத்துட்டே இருந்திருக்கீங்க, அதான் பொரியுது. தோலை ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கீழேருந்து மேல விடுங்க. அழுத்தாண்டாம் மாமா, ரேசருக்கே வெயிட்டு உண்டு" என்றீர்கள். விட்டேன். சர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். எரியவில்லை. மறுபடி நுரை போடச் சொல்லி, நான் முடிக்கிற வரை கூடவே இருந்தீர்கள். உங்கள் வியாபாரம் என்ன ஆயிற்றோ. என் கண் கலங்கியதை நீங்கள் பார்த்திருக்கலாம், சோப்புப் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டில் கசக்கவில்லை. மருந்தை இன்னொரு தடவை பீய்ச்சினார்கள், அப்போதும் கசக்கவில்லை. காஜா மொய்தீன் என் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமு, மொழுமொழுன்னு கீதே, யாரு குடுத்தது சாமானு?" என்றான். "எங்க மாப்பிள்ளை" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க எனக்கு மனமில்லை. தம்பி, ரொம்ப நன்றி. இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. ஆனாலும் மேலே சொன்ன நிலைப்பாடு அப்படியே இருக்கிறது. நன்றி வேறு, நிலைப்பாடு வேறு.

எழிலுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவளுக்கு எழுதியதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாசானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் முத்தம்மா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "இதோ கீது ராயபுரம், அதுக்குத் தபாலாய்யா?" என்று கேட்டுவிட்டு, புடவை மாற்றி, மீன்குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு, வண்டியை எடு என்று வாசலில் வந்து நிற்கிறாள். எனக்கும் இடது தாடைக்குக் கீழே ஓர் இடம் இன்னும் சரியாக வரவில்லை, நேரில் காட்டினால்தான் உங்களுக்குப் புரியும். ஆகவே நிலைப்பாடு என்று மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் படிக்கும்போது நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன் மாப்பிள்ளை. நடுவில் நிமிர்ந்து பார்க்காதீர்கள், கூச்சமாக இருக்கும். படித்து முடித்ததும் எழிலைக் கூப்பிடுங்கள். நானே கூப்பிட்டால் குரல் உடைந்துவிடும்.