கள்ளுக்கடை ஓரம் படுத்திருப்பவரை உடனே அப்புறப்படுத்துவது பற்றி

கோல சிலாங்கூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் திருச்செல்வத்துக்கு, அத்தான் ஐயாவு எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. உன் அக்கா புஷ்பாவும் மகள் நித்தியாவும் நலம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. புக்கிட் பெருந்துங்கில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்சப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போன் பாதி நேரம் நித்தியாவின் கையில் இருக்கிறது, இந்த விஷயமோ அவள் கண்ணில் படவே கூடாது. நாளை உங்கள் பக்கம் வரும் லோரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

வருகிற ஞாயிறு பத்தாங் காலியிலிருந்து நித்தியாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையனை உனக்குத் தெரியும். நம் ஹாலில் இருக்கும் அண்ணன் நாராயணசாமியின் பொம்மை ரயில் மேசையை அளந்து, அதேபோல ஒன்று செய்யப் போகிறேன் என்று டேப்போடு வந்தானே, அவன்தான். ஒரு மேசையை அளக்க யாருக்காவது நாலு மாதம் ஆகுமா? நான்தான் மடையன், அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பையன் தங்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். தாயில்லாத பிள்ளை, நல்ல வேலை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், நித்தியாவும் அவனைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. அவன் அப்பா பெயர் முருகையா என்று முன்பே தெரியும், தோட்டத்துக்கு நாலு முருகையா இருந்த காலத்தில் அதை யார் கவனித்தார்கள்? முந்தாநாள்தான் பேச்சுவாக்கில் சொன்னான், அப்பா நம் நாலாம் கட்டைத் தோட்டத்துக்காரர், இப்போது பத்தாங் காலியில் கோயில் தலைவர் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நம் முருகையா, மச்சான். கள்ளுக்கடை முருகையா.

உனக்குத் தெரிந்த கதைதான், பதற்றத்தில் திரும்பவும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். தோட்டத்தை விற்று, நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்தையெல்லாம் இடித்துத் தள்ளிய பிறகு அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? கல்யாணமும் செய்துகொள்ளாமல், என் ஹாலில் முக்கால்வாசியை மடக்கி, மொத்தத் தோட்டத்தையும் மேசைமேல் கட்டினார். லயம், செம்பனை ஆலை, பள்ளிக்கூடம், ஆலைக்குக் குலை இழுத்துப் போகும் குட்டி ரயில், எல்லாம். கடையில் கிடைத்ததோ வெள்ளைக்காரப் பொம்மைகள், ஒவ்வொன்றும் பயற்றங்காய் விதை அளவு. அவற்றுக்குக் கறுப்புச் சாயம் பூசி, கைலி கட்டி, தோட்டத்து ஆட்களாக்கினார். கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரனுக்குப் பச்சைக் கோடு போட்ட கைலியும் சிவப்புத் தலைப்பாகையும் கொடுத்து, கள்ளுக்கடை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டார். அந்தக் கைலியைப் பார்த்தால் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் ஆள் யார் என்று தெரியும். அந்த மனிதர் இப்போது மைக் பிடித்து இளைஞர்களைக் குடிக்காதே என்று கண்டிக்கிறாராம்.

என் ஹாலோடு போயிருந்தால் ஒரு துணி போட்டு மூடியிருப்பேன். ஆனால் அண்ணன் கண்ணை மூடிய பிறகுதான் அவர் புகழ் ஓங்குகிறது. யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு சனிக்கிழமைதோறும் எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள், செருப்பு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வருகிறவர்கள் போய் அதேபோல் கட்டுகிறார்கள். பள்ளிக்கூட வளைவில் நம் ரயில் முக்கி நிற்குமே, அது இரண்டு பலகை சரியாகச் சேராததால் வந்த கோளாறு. தஞ்சோங் காராங்கில் ஒருவர், பிள்ளைகளை ஏற்றத்தான் ரயில் அங்கே நிற்கிறது என்று நம்பி, தன் ரயிலும் அங்கே நிற்கும்படி செலவு செய்து வைத்திருக்கிறார். நீயும் வைத்திருக்கிறாய். இப்படிக் கோளாறையும் விடாமல் காப்பியடித்ததில் முருகையா இப்போது நாலு வீட்டில் படுத்துக் கிடக்கிறார். அதில் ஒரு வீடு அவருடைய ஊரிலேயே, பத்தாங் காலி திலகா டீச்சர் வீடு.

நேற்று என்னால் முடிந்ததைச் செய்தேன். முதலில் அவருக்கு முன்னால் ஒரு மரத்தை நட்டேன். மரத்துக்குப் பின்னால் கால் மட்டும் தெரிந்தது, பார்க்க இன்னும் கேவலமாக இருந்தது. சரி, எழுப்பி நிறுத்தலாம் என்று வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன். அண்ணன் என்ன பசை போட்டாரோ தெரியாது, கள்ளுக்கடையின் பாதிச் சுவர் பெயர்ந்து வந்தது, முருகையாவின் ஒரு கால் வரவில்லை. மிச்சத்தை மரத்தில் சாய்த்து நிறுத்தினேன். உன் அக்கா பார்த்துவிட்டு, கோயில் தலைவர் மரத்தடியில் என்ன காரியம் செய்கிறார் என்று கேட்டாள். திரும்பவும் பிடுங்கினேன், கை தவறி விழுந்தார், விழுந்த இடத்தில் புஷ்பா வேக்யூம் போட்டுக்கொண்டிருந்தாள். தலை போய்விட்டது. பையைக் கிழித்துத் தேடினோம், பூனை முடிதான் கிடைத்தது. மிச்சம் என் சட்டைப் பையில் இருக்கிறது.

நித்தியாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காலையில் மேசையைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா வச்சதுல கை வைக்காதீங்கப்பா, அவருக்கு மாத்தணும்னா அவரே மாத்திருப்பாரு லா," என்றாள். அவளுக்காகத்தான் இந்தப் பாடு என்று எப்படிச் சொல்வேன்? சம்பந்தியாக வருகிற மனிதர், நாம் அவரைக் குடிகாரனாக்கி ஊர் ஊராகக் காட்டுகிறோம் என்று எழுந்து போய்விட்டால், இந்தப் பெண் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அதனால், சனிக்கிழமைக்குள் உன் வீட்டில் படுத்திருப்பவரைப் பிடுங்கி எறிந்துவிடு. அப்படியே திலகா டீச்சர் வீட்டுக்கும் போய், தண்ணீர் கேட்டு அவரை உள்ளே அனுப்பிவிட்டு, அந்த ஆளையும் எடுத்துவிடு. தஞ்சோங் காராங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. முருகன் உங்களை என்றும் காக்கட்டும், ஞாயிறு வரை என்னையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் ஐயாவு.

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே.

கடிதத்தை மடிக்கும்போது வாசலில் ஒரு காடி வந்து நின்றது. முருகையா. சொல்லாமல் கொள்ளாமல், தனியாக, நெற்றி நிறையத் திருநீறோடு. வாங்க என்று சொல்வதற்குள் நேரே மேசைக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கள்ளுக்கடைப் பக்கம் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் எங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். போன தீபாவளிக்கு டீச்சர் வீட்டில் தன்னைப் பார்த்தாராம், பார்த்துச் சிரித்தாராம், ஆனால் அங்கே அவர் மட்டும்தான் கிடக்கிறார், பக்கத்தில் ஆள் இல்லை. நாராயணசாமி செய்ததில் பக்கத்தில் ஒரு பொம்பளையும் இருக்கிறாள் என்று பையன் சொன்னதால் ஞாயிறு வரை பொறுக்காமல் வந்துவிட்டார். கள்ளுக்கடைக்குப் பின்னால் வாளியோடு ஒரு பொம்பளை நிற்கிறாளே, அவளை விரலால் தொட்டுக் காட்டினார். துணி துவைக்கப் போகிறவள் என்றுதான் இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அது அவர் மனைவியாம். தினமும் சாயங்காலம் வாளித் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றி எழுப்பி, லயத்துக்கு இழுத்துக்கொண்டு போவாளாம்.

"அவளும் நானும் சேந்தாப்ல எடுத்த போட்டோ ஒண்ணு கெடையாது, ஐயாவு. ஒங்க அண்ணன் வச்சது ஒண்ணுதான். ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றோம். அவ இங்கதான் நிக்கிறா. நான் இல்லாம எப்படிப் பொண்ணு கேக்குறது?"

துடைக்கும்போது விழுந்துவிட்டீர்கள், ஞாயிறுக்குள் எழுந்துவிடுவீர்கள் என்று சொன்னேன். நித்தியா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான், உன் வீட்டில் படுத்திருப்பவரைக் கால் உடையாமல் எடுத்து, பஞ்சில் சுற்றி, நீயே கொண்டு வா. காடியில் ஏறும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது, வைக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்:

"ரொம்பத் தள்ளிப் படுக்க வச்சிடாதீங்க. அவளுக்கு முட்டி வலி."