தியேட்டர் மாமாவோட கையெழுத்து

போன வருஷம் ஒரு வியாழக்கெழம. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு ஃபோம்ல ஒரு கையெழுத்து வாங்கணும். அவ்வளவுதான்.

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துப் புள்ள. ஏ.எல். பயோ படிச்சு, கெம்பஸுக்குப் போற அளவுக்குப் புள்ளி பத்தாம, மூணு வருஷமா ஹட்டன்ல ஒரு பார்மசியில மாத்திர எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்பதான் கண்டியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி விளம்பரம் போட்டிருந்துச்சு. மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளர். ரெண்டு வருஷப் பயிற்சி.

ஆபரேஷன் நேரத்துல ஆளத் தூங்க வைக்கிற டாக்டர் இருக்காங்கல்ல? அவங்க பக்கத்துலயே நின்னு மிஷின், மருந்து, ஆளோட மூச்சு எல்லாத்தையும் பாத்துக்கிற வேலை.

பார்மசி மொதலாளிகிட்ட சொன்னேன்.

"ஆளத் தூங்க வைக்க ரெண்டு வருஷம் படிக்கணுமா? மத்தியானத்துல நீ கவுண்டர்ல நின்னுக்கிட்டே தூங்குறியே மகள், அது யாரு படிச்சுக் குடுத்தது?"ன்னாரு.

வீட்டுலயும் குழப்பம். அப்பாவுக்கு நான் டீச்சர் ஆகணும். அம்மாவுக்கு நான் ஏதாவது ஒன்னு ஆகணும். எனக்கு இந்த வேலை சரி வருமான்னு எனக்கே நல்லாத் தெரியாது.

அந்த சந்தேகம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் இருந்திருக்கு. ஃபோம்ல ஒரு நிபந்தன போட்டிருந்தாங்க. தியேட்டர்ல வேலை செய்ற ஒருத்தரப் பாத்து, வேலை எப்படின்னு கேட்டு, ஒரு பக்கம் எழுதி, அவரோட கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு வரணும். கடைசி நாள் வெள்ளிக்கெழம.

புதன்கெழம பக்கத்துல இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டைரக்டரோட அனுமதிக் கடிதம் வேணும். ரெண்டு வாரம் ஆகும்"னாரு கிளார்க்.

"எனக்கு ரெண்டு நாள்தாங்க இருக்கு."

"அப்ப ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே வந்திருக்கணும்"னு சொல்லிட்டு பைலத் திருப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். டீ ஃபெக்டரியில வேலை முடிஞ்சு வந்த அப்பா விஷயத்தக் கேட்டாரு. கேட்டுட்டு சிரிச்சாரு.

"இதுக்கா புள்ள இவ்வளவு? நம்ம கூட்டாளி செல்வராஜு தியேட்டர்லதான இருக்கான்! இருபது வருஷ சர்வீஸு!"

"எந்தத் தியேட்டருப்பா?"

"அதான், டவுன்ல இருக்கே!"

"அங்க என்னவா இருக்காரு?"

"ஆபரேட்டர்!"

ஆபரேட்டர்! ஆபரேஷன் பண்றவரையே தெரிஞ்சு வச்சிக்கிட்டு இந்த மனுஷன் இத்தன வருஷமா வாயத் தொறக்கலையேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

நீங்க இப்பவே சிரிக்கிறீங்கன்னு தெரியும். எனக்கு அது உறைக்க ரெண்டு நாளாச்சு.

அப்பா அங்கேயே போனப் போட்டாரு. "டேய் செல்வராஜு, எம் மகளுக்கு ஒங்க தியேட்டர் வேலை பத்தித் தெரியணுமாம். ஒரு கையெழுத்தும் வேணுமாம். நாளைக்கு அனுப்புறேன்."

வியாழக்கெழம நல்ல மழ. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு டீக்கடையில உக்காந்திருந்தேன். செல்வராஜு மாமா கொடைய மடக்கிக்கிட்டு உள்ள வந்தாரு. ஐம்பது வயசு இருக்கும். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. பாவம், எத்தன உயிரக் காப்பாத்திட்டு வர்றாரோன்னு எழும்பி நின்னேன்.

"உக்காரும்மா. எனக்கு பதினொன்னரைக்கு ஒன்னு இருக்கு. அதுக்குள்ள கேளு. பொம்பளப் புள்ளைக இந்த வேலைக்கு வர்றதே இல்ல. நீ வர்றது எனக்கு ரொம்ப சந்தோசம்."

கொப்பிய எடுத்தேன். "ஒரு நாளைக்கு எத்தன மாமா?"

"சாதாரணமா மூணு. தீவாளின்னா அஞ்சு கூட ஓடும்."

தீவாளிக்கு அஞ்சா! பட்டாசு வெடிச்சுக் கைய சுட்டுக்கிட்டு வர்றவங்களா இருக்கும்னு எழுதிக்கிட்டேன்.

"ஒன்னு முடிய எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டரை மணித்தியாலம். முன்னெல்லாம் மூணு. இப்ப சுருக்கமா முடிச்சிர்றாங்க."

மருத்துவம் முன்னேறிருச்சுன்னு அதையும் எழுதினேன்.

"எல்லாரும் நல்லாத் தூங்கிருவாங்களா மாமா?"

மாமா ஒரு பெருமூச்சு விட்டாரு. "அது டைரக்டரப் பொறுத்தது. சில டைரக்டர்மார் கையில மாட்டினா, பத்தே நிமிசத்துல பாதிப் பேரு தூங்கிருவாங்க."

அடேயப்பா! லெட்டர்ல கையெழுத்துப் போடுறதோட நிக்காம டைரக்டரே வந்து ஊசியும் போடுறாரா? கிளார்க் மேல இருந்த கோவம் கொஞ்சம் கொறஞ்சிச்சு. அந்த மனுஷனுக்கு எங்க நேரம் இருக்கும்?

"நடுவுல முழிச்சுக்கிட்டா?"

"முழிச்சா என்ன? பாத்துக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல உள்ளவங்ககிட்ட பேசுவாங்க."

என் பேனா நின்னு போச்சு. "வலிக்காதா மாமா?"

"சில பேருக்குத் தல வலிக்கும். வெளிய போயி ஒரு பிளேன்டீ குடிச்சா சரியாயிரும்."

"கரண்ட் போயிருச்சுன்னா?"

"ஜெனரேட்டர் இருக்கு. ஆனா அது பிடிக்கிறதுக்குள்ள ரெண்டு நிமிசம் ஆயிரும். அந்த ரெண்டு நிமிசமும் விசிலடிச்சே கொன்னுருவாய்ங்க."

"யாரு மாமா?"

"வேற யாரு? முன் வரிசையில இருக்கிறவய்ங்கதான்."

மெடிக்கல் ஸ்டூடன்ஸா இருக்கும். படிச்ச புள்ளைகளே இப்படியான்னு எனக்கு வருத்தமாப் போச்சு.

அப்புறம் மாமா டீயக் கீழ வச்சிட்டு, கொஞ்சம் குரலத் தாழ்த்தி ஒன்னு சொன்னாரு.

"இந்த வேலையில ஒரு கஷ்டம் இருக்கும்மா. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா நீ அங்க இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது. சின்னதா ஒரு தப்பு நடந்தா அத்தன தலையும் ஒம் பக்கம் திரும்பும். இப்பல்லாம் கம்பியூட்டர்தான் ஓட்டுது. அதுக்காக கண்ண எடுத்துராத. எல்லாத்தையும் மிஷின் பாத்துக்கும், மிஷின நீதான் பாத்துக்கணும்."

அதையும் எழுதிக்கிட்டேன். அங்கேயே ஒரு பக்கத்த எழுதி முடிச்சு ஃபோமோட சேத்து நீட்டினேன்.

"கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன். எங்க போடணும்னு காட்டு." கையெழுத்தப் போட்டுட்டு, "சீலு ஆபீஸ்ல இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டுப் போனாரு. கால் மணித்தியாலத்துல திரும்பி வந்தாரு. மழையில நனஞ்சிரும்னு அவரே கவர்ல போட்டு ஒட்டியும் கொண்டாந்திருந்தாரு. எவ்வளவு நல்ல மனுஷன்!

வெள்ளிக்கெழம கண்டிக்கு பஸ் ஏறி கவரக் கொண்டு போயி குடுத்தேன். குடுத்துட்டுத் திரும்பலாம்னு பாத்தா, "டாக்டர் ஃப்ரீயா இருக்காங்க, இப்பவே பேசிட்டுப் போங்க"ன்னு உள்ள அனுப்பிட்டாங்க.

மயக்க மருந்து டாக்டரம்மா. தமிழ் நல்லாப் பேசினாங்க. என் கண்ணு முன்னாலயே கவரக் கிழிச்சு, நான் எழுதின பக்கத்த எடுத்தாங்க. கீழ இருந்த கடைசிப் பந்திதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு.

"எல்லாத்தையும் மிஷின் பாத்துக்கும், மிஷின நாமதான் பாத்துக்கணும். ரொம்ப சரி! யாரும்மா சொன்னது? இதத்தான் நான் ட்ரெயினிங் புள்ளைகளுக்குத் தொண்டத் தண்ணி வத்தச் சொல்றேன்."

நான் பெருமையா உக்காந்திருந்தேன்.

டாக்டரம்மா மேல போனாங்க. புருவமும் மேல போச்சு.

"நடுவில் முழித்துக்கொண்டால்... பிளேன்டீ?"

"ஆமா டாக்டர். தல வலிச்சா மட்டும்."

"முன் வரிசையில விசிலா?"

"அது கரண்ட் போனாத்தான் டாக்டர்."

டாக்டரம்மா ஃபோமத் திருப்பி சீலப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. திரும்பவும் சீலப் பாத்தாங்க. அத என் பக்கம் தள்ளினாங்க.

நீல மையில, வட்டமா, அழகா இருந்துச்சு. நடுவுல 'சினிமா'ன்னு பெருசா.

எனக்கு ஊசி போடாமலே கையும் காலும் மரத்துப் போச்சு.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பிச்சாங்க. மூச்சு வாங்குற அளவுக்கு சிரிச்சாங்க. பக்கத்து ரூம்ல இருந்து ரெண்டு பேரக் கூப்புட்டு, சிங்களத்துல மொழிபெயர்த்து வேற வாசிச்சுக் காட்டினாங்க. அவங்களும் சிரிச்சாங்க. நான் கதவு எவ்வளவு தூரம்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியில கண்ணத் தொடச்சிக்கிட்டு, "சரி. இப்ப நீ சொல்லு. ஒனக்கு ஏன் இந்த வேலை?"ன்னு கேட்டாங்க.

பொய் சொல்ற தெம்பு கூட இல்ல. உள்ளதச் சொல்லிட்டேன்.

"எங்கம்மாவுக்கு நாலு வருஷத்துக்கு முன்ன ஒரு ஆபரேஷன் நடந்துச்சு டாக்டர். அம்மாவுக்கு சிங்களம் அவ்வளவா வராது. சுத்தி நின்னவங்க பேசுனது ஒன்னும் வெளங்காம பயந்து நடுங்கியிருக்காங்க. அப்ப மாஸ்க் போட்ட ஒருத்தர் குனிஞ்சு, 'பயப்படாதீங்கம்மா, நீங்க முழிக்கிற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்'னு தமிழ்ல சொல்லியிருக்காரு. அவரு யாருன்னு எங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த எடத்துல நான் நிக்கணும்."

டாக்டரம்மா பேனாவ எடுத்து ஃபோம்ல என்னமோ எழுதினாங்க.

"திங்கக்கெழம காலையில ஏழு மணிக்கு வா. எங்க தியேட்டர்ல ஒரு நாள் முழுக்க நில்லு. நின்னுட்டு, இந்தப் பக்கத்தத் திரும்ப எழுது. பயிற்சியில ஒனக்கு எடம் இருக்கு."

பஸ்ஸுல வீடு வரைக்கும் தனியா சிரிச்சுக்கிட்டே வந்தேன். இத அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே கதவத் தொறந்தா, அவரு எனக்கு முன்னால குதிக்கிறாரு.

"புள்ள! செல்வராஜு போன் பண்ணினான்! அவங்க மொதலாளிகிட்ட ஒன்னையப் பத்திப் பெருசா சொல்லியிருக்கான். மிஷின் ரூம்ல ஒனக்கு வேலை ரெடியாம்! திங்கக்கெழம வரச் சொன்னாங்களாம்!"

மூணு வருஷமா வேற ஒரு எடத்துலயும் கூப்புடல. இப்ப ஒரே திங்கக்கெழமைக்கு ரெண்டு தியேட்டர்.

வீட்டுல ஓட்டெடுப்பு நடந்துச்சு. அப்பா சினிமாவுக்கு. "பக்கத்துலயே இருக்கு, ரெண்டு வருஷம் படிக்கவும் தேவையில்ல"ன்னாரு. அம்மாவாச்சும் நம்ம பக்கம்னு நம்பித் திரும்பினேன். "ஆஸ்பத்திரிய ஒரு தடவ பாத்ததே எனக்குப் போதும்டி. படத்த எத்தன தடவையும் பாக்கலாம்"னாங்க.

ரெண்டுக்கு ஒன்னுன்னு தோத்துட்டு, திங்கக்கெழம விடியக்காலையில கண்டி பஸ்ஸப் பிடிச்சேன். செல்வராஜு மாமாவுக்கு நானே போனப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு, "அங்க லைட்டெல்லாம் ரொம்ப வெளிச்சமா இருக்குமேம்மா, ஆளுகளுக்குத் தூக்கம் வருமா?"ன்னு அக்கறையாக் கேட்டாரு.

இப்ப பயிற்சியில எட்டு மாசம். அம்மா மட்டும் லயத்து வீடுகள்ல எல்லாருகிட்டயும் என்னையக் காட்டி, "சினிமாவுல கூப்புட்டும் போகாத புள்ள"ன்னுதான் சொல்றாங்க.