பிரிந்துபோகும் உரிமை

ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் இரண்டு நிறத்தில் அடி வாங்கித் திரும்பி வந்திருந்தது.

"இந்த அத்தியாயம் தேவையற்றது. முழுவதையும் நீக்கவும்" என்று சிவப்பு மையில் கைடு எழுதியிருந்தார். அதற்கு நேர் கீழே பச்சை மையில், "இந்த அத்தியாயம்தான் ஆய்வின் உயிர். இன்னும் விரிவாக எழுதவும்" என்று இணைக் கைடு எழுதியிருந்தார்.

ஷரத்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஷரத்து என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அரசியலமைப்புச் சட்டங்களிலேயே வருஷக்கணக்காக மூழ்கிக் கிடந்ததில், டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட "வர்றேன், ஆனா ஒரு நிபந்தனை" என்று ஆரம்பிக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதைக் கேட்டுச் சலித்த சக மாணவர்கள், நிபந்தனைக்குச் சட்டமொழியில் உள்ள சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். உலகத்தில் எந்த நாடு எந்தத் திருத்தத்தை எதற்காகக் கொண்டுவந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வீட்டு ஜன்னல் திரைச்சீலையை மனைவி மாற்றியதை மட்டும் அவன் இன்னும் கவனிக்கவில்லை.

அவன் ஆராய்ச்சி கூட்டாட்சி நாடுகளைப் பற்றியது. ஒன்றியத்தில் விரும்பிச் சேர்ந்த ஒரு மாநிலம், பிறகு மனம் மாறினால் பிரிந்துபோகலாமா? நாலாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சட்டத் துறையிலிருந்தும் ஒருவர் வழிநடத்த வேண்டும் என்று போன வருஷம் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. வளாகத்தின் இன்னொரு கோடியில் இருந்த ஒரு மேடத்தை நியமித்தார்கள்.

செய்தி வந்த அன்று கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவங்களா? வேற ஆளே கிடைக்கலையா?"

"பெரிய அறிஞர்னு சொல்றாங்களே சார்."

"அறிவுக்கு என்ன குறைச்சல்!" என்றார் கைடு. அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இரண்டு அறிஞர்களுக்குள் கோட்பாட்டுப் பகை என்று ஷரத்து முடிவு செய்துகொண்டான். அது பெரிய விஷயம் இல்லை. விரிவுரையாளர் வேலை ஒன்று அவனுக்காகக் காத்திருந்ததுதான் பெரிய விஷயம். இந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால் வேலை அவனுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

"ஏங்க, எங்க அண்ணன் போன் பண்ணான்" என்றாள் மனைவி, இரவுச் சாப்பாட்டின்போது. அவள் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். "மாப்பிள்ளை இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்காரான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நாலாவது அத்தியாயம் வரைக்கும் வந்துட்டாருன்னு சொன்னேன். போன வருஷமும் அதைத்தானே சொன்னன்னு சிரிக்கிறான்."

ஷரத்து தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். ஒரு சமரசம் தோன்றியிருந்தது. அத்தியாயத்தையும் நீக்கவில்லை, விரிக்கவும் இல்லை. மொத்தத்தையும் சுருக்கி ஓர் அடிக்குறிப்பாக ஆக்கினான்.

அடிக்குறிப்பு அடுத்த வாரமே திரும்பி வந்தது.

"கீழே ஒளித்து வைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைப்பா?" - சிவப்பு.

"முக்கியமான தரப்பை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது அங்கே எப்போதும் நடப்பதுதான்" - பச்சை.

மனைவி இரண்டையும் படித்துப் பார்த்தாள். "இவ்வளவு கோவம் கூட்டாட்சி மேலயா?"

"உனக்குப் புரியாது. அரசியல் தத்துவத்துல பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் மோதிக்குவாங்க."

அடுத்து அவன் செய்தது தந்திரம். நாலாம் அத்தியாயம் இல்லாத பிரதி ஒன்று கைடுக்கு. நாலாம் அத்தியாயம் ஊதிப் பெருத்த பிரதி ஒன்று மேடத்துக்கு. இருவரும்தான் பேசிக்கொள்வதே இல்லையே, யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு பிரதிகளையும் ஒரே நிற அட்டையில் தைத்து வாங்கி இருவரிடமும் கொடுத்த பிறகுதான், அவசரத்தில் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டதை உணர்ந்தான். கைடின் அறைக்கு ஓடினான். அவர் ஏற்கெனவே சிவப்புப் பேனாவைத் திறந்திருந்தார். வளாகத்தின் மறுகோடிக்கு மூச்சிரைக்க ஓடினான். அங்கே பச்சைப் பேனா பாதி தூரம் போயிருந்தது.

"இதை எழுதச் சொன்னது யார் என்று தெரிகிறது. பிரிந்துபோகுமுன் எச்சரிக்கை ஏதாவது கொடுக்கப்பட்டதா?" என்று கேட்டது சிவப்பு.

"நடந்ததை இப்படி அழித்துவிட்டால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?" என்று கேட்டது பச்சை.

ஷரத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. இவர் கேள்வியை அவரிடமும் அவர் கேள்வியை இவரிடமும் கொண்டுபோனான்.

"எச்சரிக்கை பலமுறை கொடுக்கப்பட்டது. மைய அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை" என்று எழுதினார் மேடம்.

"மைய அரசுக்கு வேலைப்பளு இருந்தது" என்று எழுதினார் கைடு.

"யாருக்குத்தான் இல்லை?" என்று எழுதினார் மேடம்.

அந்த மூன்று வரிக்குச் சான்று தேடி ஷரத்து நூலகத்தில் தவம் கிடந்தான். வேலைப்பளுவால் மாநிலத்தை இழந்த மைய அரசு எதுவும் அகப்படவில்லை. அதற்குள் மேடத்திடமிருந்து புதிதாக ஒன்று வந்தது: "பொதுச் சொத்தைப் பிரிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லையே? குறிப்பாக, நூல்கள்."

தேசிய நூலகங்களைப் பங்கிடும் முறை பற்றி அவன் ராப்பகலாக ஒரு பகுதி எழுதினான். கைடு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில் எழுதினார்: "நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வந்து படிக்க யாரும் தடை சொல்லவில்லை."

மேடம் அந்த வரிக்கு மட்டும் எதுவும் எழுதாமல் ஒரு சின்ன டிக் போட்டு அனுப்பினார். கருத்தொற்றுமை ஏற்பட்ட முதல் இடம்! ஷரத்து மகிழ்ச்சியில் அதற்கு "வந்து படிக்கும் உரிமை" என்று தனித் தலைப்பே கொடுத்துவிட்டான்.

ஆனால் பருவம் முடிந்துகொண்டிருந்தது. வேலை தருவதாகச் சொன்ன கல்லூரியின் முதல்வர் போனில் பேசினார். "தம்பி, இன்னும் பத்து நாள் பாப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ஷரத்து துணிந்து, இருவரையும் ஒரே நேரத்தில் கருத்தரங்க அறைக்கு வரவழைத்தான். இன்னொருவர் வருவதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

கைடு வந்து மேஜையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். மேடம் கதவைத் திறந்தார், அவரைப் பார்த்தார், திரும்பிப் போகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வந்து எதிர்ப் பக்கம் உட்கார்ந்தார். மேஜையின் தலைப்பக்கத்தில் ஷரத்து.

"உங்க மேடம்கிட்ட கேளுங்க" என்றார் கைடு, ஷரத்துவைப் பார்த்து. "பிரிஞ்சு போறது உரிமைன்னா, கூட இருக்கறது கடமை இல்லையா?"

ஷரத்து வலப்பக்கம் திரும்பினான். "மேடம், சார் என்ன கேக்கறாருன்னா…"

"காது கேக்குது. உங்க சார்கிட்ட சொல்லுங்க, ஒன்றியம்னா ரெண்டு தரப்பும் பேசி முடிவெடுக்கணும். ஒருத்தர் முடிவெடுத்து இன்னொருத்தருக்கு அறிவிக்கறதுக்குப் பேரு ஒன்றியம் இல்ல."

"சார், மேடம் என்ன சொல்றாங்கன்னா…"

"எனக்கும் காது கேக்கும். அப்படி எப்ப அறிவிச்சாங்கன்னு கேளுங்க."

"எப்பதான் அறிவிக்கலைன்னு கேளுங்க."

மேஜைப் பந்தாட்டம் பார்ப்பவன்போல் ஷரத்துவின் கழுத்து இடமும் வலமுமாக ஆடி வலிக்க ஆரம்பித்தது. அப்போது மேஜைமேல் இருந்த அவன் போன் அதிர்ந்தது. கல்லூரி முதல்வர். அதை எடுக்கத் தைரியம் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, எங்கிருந்தோ ஒரு ஆவேசம் வந்தது.

"போதும் சார்! போதும் மேடம்!"

இருவரும் அசந்துபோய் அவனைப் பார்த்தார்கள். அவன் இதுவரை நிபந்தனை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

"எத்தனையோ அரசியலமைப்ப நான் படிச்சிட்டேன். சேர்றதுக்கு வழி இருக்கு. சிலதுல பிரியறதுக்கும் வழி இருக்கு. பிரிஞ்சவங்க திரும்பி வர்றதுக்கு நான் பாத்த எதுலயும் ஒரு வரி இல்ல! அதனாலதான் ரெண்டு பக்கமும் விறைச்சிக்கிட்டே நிக்கிது. வரலாம்னு இவங்க நினைச்சாலும் எப்படி வர்றது? வாங்கன்னு அவங்க நினைச்சாலும் எப்படிக் கூப்பிடறது? நான் ஒரு ஷரத்து எழுதறேன். திரும்பி வர்றவங்களை ஏன் போனீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. ஏன் போக விட்டீங்கன்னு வந்தவங்களும் கேக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு மேல என்கிட்ட கோட்பாடு இல்ல. என் வேலை போகுது!"

மேஜைமேல் போன் அதிர்ந்து ஓய்ந்தது.

கைடு தொண்டையைச் செருமினார். "கேக்க மாட்டாங்கன்னு என்ன உத்தரவாதம்?"

மேடம் இந்த முறை ஷரத்துவின் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கைடைப் பார்த்துச் சொன்னார்: "சொன்னா நம்பறதுதான். வேற என்ன உத்தரவாதம் இருக்கு?"

கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "தம்பி, அந்த அத்தியாயத்தை எழுதிருங்க" என்றார். "பிரியற பகுதியைச் சுருக்கமா வச்சிக்கலாம். திரும்பி வர்ற பகுதியை விரிவா எழுதுங்க."

"நல்லா விரிவா" என்றார் மேடம்.

ஷரத்து எழுதினான். சோறு தண்ணி மறந்து எழுதினான். இரண்டு கையெழுத்தும் சுணக்கமில்லாமல் விழுந்தன. மேடம் தன் பேனாவைக் கொண்டுவர மறந்து கைடின் சிவப்புப் பேனாவிலேயே போட்டார். ஆய்வேடு போனது, வேலை கிடைத்தது, சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வும் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நாலாம் அத்தியாயத்தில் அபூர்வமான மனித ஞானம் இருப்பதாகப் பாராட்டினார். கைடும் மேடமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

முனைவர் ஷரத்து கட்டிடத்தின் வாசலுக்கு ஓடிவந்து மனைவிக்குப் போன் செய்தான்.

"பாஸாயிட்டேன்! உங்க அண்ணன்கிட்ட முதல்ல சொல்லு. இன்னொண்ணும் கேளு, நேருக்கு நேர் பேசாத ரெண்டு அறிஞர்கள் என்னோட ஒரே ஒரு வாதத்துல மனசு மாறிட்டாங்க. எல்லாம் தர்க்கம்! சுத்தமான தர்க்கம்!"

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார் வந்து வாசலில் நின்றது. கைடும் மேடமும் படியிறங்கி வந்து, அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். ஓட்டி வந்த இளம்பெண் ஜன்னலை இறக்கி, அவனை மேலும் கீழும் ஆவலாகப் பார்த்தாள்.

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல ஒரு வருஷமா லெட்டர் கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டிருந்தது நீங்கதானா?"