முடி கொட்டாத நாயும் நாலாயிரம் கறுப்புப் பனியனும்

முருகன் துணை

நல்லூர், திருப்பூர்
7.8.2007

அவினாசி சம்பந்தி மருதாசலம் அண்ணன் அவர்களுக்கு, நல்லூரிலிருந்து பொன்னாத்தாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே என் மகன் சென்னிமலை, உங்கள் மகள் சாரதாமணி, பேரன் சிவபிரகாஷ் மூவரும் நலம். நானும் நலமாகத்தான் இருந்தேன், போன சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணி வரைக்கும். அங்கே நீங்களும் ராக்கம்மாள் அண்ணியும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று கேட்காமலே தெரியும். நாய் எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது.

போனில் பேசிவிடுங்கள் அத்தை என்று சாரதாமணி சொன்னாள். போனில் சொன்னால் நீங்கள் "செரிங்க, செரிங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுதினால் படித்துத்தானே ஆகவேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது. விஷயம் என்னவென்றால், நீங்கள் கொடுத்த பொமரேனியன் நாயை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் காரை அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது. அது போனால்தான் கீழே பனியன் சரிபார்க்கிற செக்கிங் மேசையில் என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும், கீழே பனியன் கம்பெனி, மேலே குடியிருப்பு. சித்திரையில் கீழ் வாசலில் இறக்கி வைத்த ரெண்டு ரோல் துணியைப் பட்டப்பகலில் யாரோ தூக்கிக்கொண்டு போன பிறகுதான் நாய் வளர்க்கும் பேச்சே வந்தது. தெருமுனையில் படுத்திருக்கும் செவலை நாய்க்கு ஒரு வேளை சோறு போட்டால் அதுவே வாசலில் கிடக்கும் என்று நான் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. சிவபிரகாஷ் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கட்டம் போட்ட ஒரு தாள் எடுத்து வந்தான். இந்தப் பக்கம் நாயின் ஜாதி, மேலே குணம்: குரைக்குமா, கடிக்குமா, என்ன தின்னும், புத்தி எத்தனை, முடி கொட்டுமா. நூல் வாங்க நாலு மில்லில் விவரம் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அதே மாதிரி அப்பனும் மகனும் உட்கார்ந்து விரலால் கோடு பிடித்துப் படித்தார்கள். என் மகனுக்கு அல்சேஷன் வேண்டும், போலீஸ் நாய். புத்தி மிக அதிகம், ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது கூட ஓட ஆள் வேண்டும் என்று போட்டிருந்தது. மேல் மாடிக்கு ஏறி வந்ததும் ரெண்டு சொம்பு தண்ணீர் கேட்கிற ஆள் எங்கே ஓடுவது? அதோடு அது தினம் கறி தின்னும். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்று பாதி மாதம் எங்கள் அடுப்பில் கறி வேகாது, எந்த நாய் எங்களோடு சேர்ந்து சஷ்டி விரதம் இருக்கும்? பேரனுக்கு லாப்ரடார் வேண்டும், எல்லோரிடமும் பிரியமாகப் பழகும் என்று வாசித்தான். "அந்த எல்லாருல திருடனும் சேத்தியா கண்ணு?" என்று கேட்டேன், அடுத்த வரிக்குப் போய்விட்டான். புள்ளி புள்ளியாக இருக்கிற டால்மேஷனின் படத்தை என் மகன் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, பிரிண்ட் சரியாக விழவில்லை என்று தள்ளிவைத்தான்.

எங்கள் செக்கிங் மாஸ்டர் சந்தனம் ராஜபாளையத்துப் பக்கத்து ஆள், அவன் தன் ஊர் நாயைச் சொன்னான். "எங்கூரு நாயி ஒரே ஆளு கையிலதாம்மா சோறு வாங்கும். வேற யாரு வச்சாலும் மோந்துகூடப் பாக்காது" என்றான். எனக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது. நானும் 1971இலிருந்து என் சின்ன மாமனார் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் அது புது ஆளைக் கண்டால் பாயுமாம். மாதம் நாலு பேர் வேலையை விட்டு நின்று நாலு பேர் சேருகிற கம்பெனியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் கழித்துவிட்டார்கள்.

கடைசியாக முடிக்கு வந்தார்கள். ஒற்றை நாய் முடி பாலிதீன் பைக்குள் போனாலும் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவான் என்று சந்தனம் சொன்னதும் தாளில் மிச்சமிருந்த ஜாதியெல்லாம் அடிபட்டுப் போனது. அப்போதுதான் என் மகனுக்கு அந்த மகா யோசனை வந்தது. இப்போது ஓடுகிற ஆர்டர் என்ன கலர்? வெள்ளை. வெளிநாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆறு மாதமாக வெள்ளைப் பனியன். அப்படியானால் நாயும் வெள்ளையாக இருந்துவிட்டால் முடி விழுந்தாலும் தெரியாதே! ஊர் உலகத்தில் காவலுக்கு நாய் பார்ப்பார்கள், குழந்தைக்குத் துணையாக நாய் பார்ப்பார்கள், ஆர்டருக்கு மேட்ச்சாக நாய் பார்த்தது எங்கள் வீட்டில்தான். அந்த நேரம் பார்த்து நீங்கள் அங்கே இருந்தீர்கள் அண்ணா. வைகாசி விசாகத்துக்கு மறுநாள், நீலக் கோடு போட்ட சட்டை, கையில் மூன்றாவது வடை. "எங்கூட்டுப் பொமரேனியன் குட்டி போட்டிருக்குதுங் மாப்ளே. சுத்த வெள்ளைங்க. முடியே கொட்டாதுங்க" என்றீர்கள். இதே குரலில்தான் 1985இல் கல்யாணப் பந்தியில் ஒன்றும் குறையாது என்றீர்கள். எங்கள் சனத்தில் ஒன்பது பேர் இலையில் பாயசம் விழவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் ஒன்பது பேரையும் பெயரோடு சொல்வேன், அதில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாயசம் குடிக்காமலே.

குட்டி வந்தது. பேரன் அதற்குக் காட்டன் என்று பெயர் வைத்தான். அது பால்காரரைப் பார்த்துக் குரைக்கும், குக்கர் விசிலுக்குக் குரைக்கும், மின்விசிறி சுற்றினால் குரைக்கும், நின்றாலும் குரைக்கும். சந்தனத்தின் சைக்கிளை எவனோ வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போனபோது மட்டும் தூங்கியது. எங்கே தூங்கியது? என் மெல்லிசு வாயல் சீலையில். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் என் சீலைதான் வேண்டும் அதற்கு. நான் கூப்பிடுவதே இல்லை, அதுவாக வருகிறது.

ஆடி பிறந்ததும் வெள்ளை ஆர்டர் முடிந்துபோனது. ஆர்டர் என்றால் ஒரு நாள் முடியும் என்பது எவனுக்கும் தோன்றவில்லை. அடுத்து வந்தது நாலாயிரம் கறுப்புப் பனியன். என் மகன் உடனே மாடிப்படியில் ஒரு கம்பிக் கதவு போட்டான், அன்றையிலிருந்து நாய் ஒரு படிகூட இறங்கவில்லை. அப்படி இருந்தும் போன சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, சரக்கைப் பரிசோதிக்க வந்த ஆபீசர் பெண் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு பனியனை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, முள் எடுக்கிற மாதிரி ரெண்டு விரலால் ஒரு வெள்ளை முடியை எடுத்தாள். அப்புறம் இன்னொரு பெட்டியில் இன்னொன்று. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த நாற்பது பெண்களும் கத்திரியைக் கீழே வைத்தார்கள். என் மகன் அத்தனை பேருக்கும் முன்னால் என்னிடம் வந்தான். "அம்மா, அது உன்ற சீலைலதான் படுக்குது. நீ கீழ வந்தா அதோட முடியுங் கூட வருது. சரக்குப் போற வரைக்கும் மேலயே இரு" என்றான்.

அண்ணா, கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பதின்மூன்று வருஷமாக அந்த மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவள் நான். எழுபத்திரண்டு வயதில் கண்ணாடி இல்லாமல் தையலில் நிற்கிற நூலைப் பார்க்கிறவள். சந்தனமே என் கைக்குப் போய் வந்த பனியனை மறுக்காப் பிரித்துப் பார்க்க மாட்டான். அந்த மேசையில் உட்கார்ந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். இப்போது நாய்க்குப் போட்ட கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் நாயும் உட்கார்ந்திருக்கிறோம். கீழே கத்திரிச் சத்தம் கேட்கிறது. புதிதாக வந்தவள் அரை இஞ்ச் விட்டு வெட்டுகிறாள், சத்தத்திலேயே தெரிகிறது, போய்ச் சொல்லத்தான் வழியில்லை.

ஆகவே நாய் உங்களுடையது, முடி கொட்டாது என்ற சொல்லும் உங்களுடையது. வெள்ளிக்கிழமை கார் வர வேண்டும். நாயையும் அதன் தட்டையும் சங்கிலியையும் தயாராக வைத்திருப்பேன்.

ராக்கம்மாள் அண்ணியின் முழங்கால் வலி இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசி. அவினாசியப்பரும் திருமுருகன்பூண்டி முருகனும் உங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் தந்து, நல்ல ஞாபகசக்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
சென்னிமலையின் தாயார்
பொன்னாத்தாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சந்தனம் மேலே வந்தான். அந்த ஆபீசர் பெண் ரெண்டு முடியையும் ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதை எடுத்து வந்தான். என் சீலையிலிருந்து ஒரு நாய் முடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இஞ்ச் டேப்பால் அளந்தான். நாயினுடையது ரெண்டு இஞ்ச். தாளில் இருந்தது ஒன்று பதினாறு, ஒன்று பதினேழரை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இம்புட்டு நீளமா எந்த ஜாதி நாய்க்கும் முடி வராதும்மா" என்றான். நான் என் நரைத்த கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சந்தனம் சொல்லக் கேட்டு என் மகன் வந்து கம்பிக் கதவைத் திறந்து, பாவம் அடைத்து வைத்துவிட்டேனே என்று நாயைத் தடவிக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "வெள்ளிக்கெழம அவினாசிக் காரு வருதாமல்லம்மா? அதுல நீ போயி, சரக்குப் போற வரைக்கும் இருந்துட்டு வா" என்றான். உங்கள் மகள் அதற்குள் என் சீலைகளை மடித்துப் பையில் வைக்கிறாள்.

ஆகவே அண்ணா, காரை அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் ஏற மாட்டேன். ஆபீசர் பெண் போட்டிருந்த மாதிரி தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைச் சந்தனத்திடம் வாங்கி, கொண்டையை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காதெல்லாம் அரிக்கிறது. நாளைக் காலை எட்டரைக்கு நான் மேசையில் இருப்பேன், யார் எழுப்புகிறார்கள் என்று பார்க்கிறேன். நாயும் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அதற்கு முடி கொட்டத்தான் செய்கிறது, இன்றைக்கு மட்டும் என் சீலையில் எத்தனை என்று வந்து பாருங்கள். கொட்டாது என்று நீங்கள் சொன்னதைப் பாயசத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.