முதல் குடிமகன் நத்தையும் நாற்பத்தொரு பேரும்

உலக நாகரிகம் எங்கே தோன்றியது என்று அறிஞர்கள் இனி அலைய வேண்டாம். ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவே, ஓடைக்குறிச்சியில்தான் அது தோன்றியது. ஊரின் 'வரலாற்று மீட்புக் குழு' இதைக் கைதட்டி முடிவு செய்தது. எதிர்ப்பு இல்லை, போண்டா சூடாக இருந்தது.

ஆதாரம், மேசைமேல் இருந்த நத்தை. சுண்ணாம்புப் பள்ளத்தில் கிடைத்தது. தோசைக்கல் அகலம், கல்லாகிப் போனது. இங்கே கடல் இருந்தபோது, பத்து கோடி வருடங்களுக்கு முன் திரிந்ததாம். குழுத் தலைவர் ஆண்டவர் அதை 'ஊரின் முதல் குடிமகன்' என்று அறிவித்துச் சால்வை போர்த்தினார். நத்தை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டது.

ஊர் வரலாற்றைக் கல்லில் வெட்டி ஏரிக்கரையில் நட வேண்டும். எழுத்து வெட்டும் பணி அரியமுத்துவுக்கு. அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. செயலாளர் மணிமொழி வாசகத்தைப் படித்தார்: முதலில் நத்தை, அடுத்து 'ஏரி வெட்டிய பெருந்தகை', ஆண்டவரின் தகப்பனார். பஞ்ச காலத்தில் நாற்பது நாளும் புளியமரத்து நிழலில், கட்டிலில் படுத்தபடியே ஏரி வெட்டிய கடும் உழைப்பாளி அவர்.

அரியமுத்து தொண்டையைச் செருமினார். வெட்டியது நாற்பத்தொரு பேர் என்றார். அதில் அவர் அம்மா குஞ்சம்மாளும் உண்டு. மண்கூடை கைமாறிய வரிசையிலேயே எல்லோர் பெயரையும் அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வரிசை தெரிந்தவர் அரியமுத்து ஒருவர்தான். அவரும் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

“எழுத்துல ஆதாரம் இருக்கா, அரியமுத்து?” என்று கனிவோடு கேட்டார் ஆண்டவர்.

“வேலைக்கு வந்தவங்க பேரு எழுதுன நோட்டு உங்க வூட்டுப் பரண்லதானங்க இருந்துச்சு.”

“கரையான் தின்னுடுச்சே.”

கரையானின் வரலாற்று ஆர்வத்தைக் குழு தலையாட்டி அங்கீகரித்தது.

“நத்தைக்கு மட்டும் என்னங்க ஆதாரம்?”

“அது கல்லுல இருக்குல்ல? கல்லுல இருந்தா அதுதான் ஆதாரம். மணிமொழி, இத மூணாம் தீர்மானமா எழுதுங்க.”

எழுதினார். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அரியமுத்து அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனார்.

கல்லைத் துணி சுற்றியே கொண்டுவந்து நட்டார். திறப்பு விழாவில் துணி விலகியது. முன்பக்கம் வாசகம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. வெயிலுக்காகக் கல்லின் பின்பக்கம் ஒதுங்கிய பெண்கள்தான் திரும்பி வரவில்லை. ஒருத்தி தன் அப்பன் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே நாற்பத்தொரு பெயர்கள், கூடை கைமாறிய வரிசையில். பதினேழாவது குஞ்சம்மாள்.

“என்னய்யா இது?” என்றார் ஆண்டவர்.

“ஆதாரம், தலைவரே. மூணாம் தீர்மானம்.”

தீர்மானத்தை மதிக்கும் குழு அது. ஆகவே பெயர்களை அழிக்கவில்லை. மறுநாள் அவசரக் கூட்டம் போட்டு, கல்லின் பின்பக்கத்துக்குப் 'பாதுகாப்புப் பூச்சு' என்று நான்காம் தீர்மானம் நிறைவேற்றியது. நம் மாவட்டத்துச் சிமெண்ட். அதே சுண்ணாம்புப் பள்ளத்தை வெட்டி, நத்தையின் சொந்தபந்தங்களை அரைத்துச் செய்தது. நாற்பத்தொரு பேரை மறைக்க, முதல் குடிமகனின் வம்சத்தையே குழைத்துப் பூசினார்கள்.

அரியமுத்து பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“நல்லா கெட்டியா பூசச் சொல்லுங்க தலைவரே. அந்த நத்தையும் இப்படி மூடிக் கெடந்துதான் தப்பிச்சுது.”