பரிசாக வந்த பனியன் சம்பந்தமாக

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

'கோ' கம்ப்யூட்டர் மொழி உதவிக் குழுவின் நிர்வாகி ஜீவானந்தம் தம்பி அவர்களுக்கு, கமலக்கண்ணனின் அக்கா புஷ்பலதா வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க தேவிகாபுரத்துப் பெரியநாயகி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கு சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

'இந்த மாதம் அதிகம் பேருக்கு உதவியவர்' என்று என் தம்பிக்கு நீங்கள் அனுப்பிய பனியன் நேற்று கூரியரில் வந்தது. முன்னால் ஒரு நீல எலி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதுதான் உங்கள் கம்ப்யூட்டர் பாஷைக்கு அடையாளம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். கவரில் உங்கள் விலாசம் இருந்ததால் எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்க வேண்டும். கமலக்கண்ணன் தை மாதம் பத்தாம் தேதி மார்வலியில் செத்துப்போய்விட்டான். இது பங்குனி. இந்த மாதம் உதவினது நான்.

நான் ஆறாவதோடு நின்றவள், பட்டுத்தறி நெய்கிறேன். சேதியை மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். காரியம் முடிந்த அன்றைக்கே கண்ணீர் அஞ்சலி நோட்டீசைப் போட்டோ பிடித்து, அவன் போனிலிருந்தே உங்கள் குழுவில் போட்டேன். போட்ட கையோடு காணாமல் போய்விட்டது. 'படமாக அனுப்பக் கூடாது, எழுத்தாக அனுப்பவும்' என்று உங்கள் மெஷின் பதில் சொன்னது. சரி, அதுதான் சட்டம் போலிருக்கிறது என்று, முதலில் மரியாதைக்கு 'வணக்கம்' என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு எழுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் குமரேசன் என்று ஒருவர், "அண்ணா, வெறும் வணக்கம் போடாத, நேரா விஷயத்துக்கு வான்னு எங்களத் திட்டிகினு இருப்பீங்களே, இப்ப உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டு சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னா ஆச்சுன்னு நான் எழுதி முடிக்கறதுக்குள்ள நாலு கேள்வி வந்து மேல விழுந்துடுச்சி. அதுல ராமதாஸ்னு ஒருத்தர், சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணலன்னா வேல போயிடும் அண்ணான்னு அழுவறார். சாவு சேதி சொல்ல அதுவா நேரம்?

தம்பி போனில் மூன்று பதில் எழுதி வைத்திருந்தான். "எல்லாரும் கேக்கறது ஒண்ணேதான்க்கா, மூணு பதில வச்சிகினு நாட்டையே ஓட்டலாம்" என்பான். முதல் பதில்: முழு எரரையும் எழுத்தாகப் போடுங்கள். இரண்டாவது: எரர் வந்ததா என்று பார்த்தீர்களா, பார்க்காமலே தாண்டிவிட்டீர்களா? மூன்றாவது: காத்திருக்கிறவன் இருக்கிறான், அனுப்புகிறவன் எங்கே? ராமதாஸுக்கு 'எல்லாம் தூங்குகிறது' என்று எரர் வருகிறதாம். தூங்கினால் எழுப்ப வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் மூன்றாவதை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில், "தெய்வம் அண்ணா நீங்க! வாங்கற இடத்த எழுதிட்டு அனுப்பற இடத்த எழுதவே இல்ல!" என்று குதிக்கிறார்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. போனைத் தறிமேலேயே வைத்துக்கொண்டு, யார் எது கேட்டாலும் முதல் பதிலை அனுப்புவேன். பாதிப் பேர் எரரை முழுசா எழுதும்போதே தப்பைத் தாங்களே கண்டுபிடித்து எனக்கு நன்றி சொல்லிவிடுகிறார்கள். ஒருத்தர் "அண்ணா, எனக்குக் கல்யாணம்"னு போட்டார். நான் படிக்காம, முழு எரரையும் எழுத்தாகப் போடுங்கள்னு அனுப்பிட்டேன். அதுக்கும் குழுவே கைதட்டுது. லாவண்யான்னு ஒரு பொண்ணு, "முன்னல்லாம் சிடுசிடுன்னு விழுவீங்க, இப்ப எவ்ளோ பொறுமை அண்ணா!" என்கிறாள். என் தம்பிக்குச் செத்த பிறகு நல்ல பெயர் வந்திருக்கிறது. உயிரோடு இருந்தவரை, டிவியில் சத்தம் வரவில்லை என்று நான் கேட்டால், "உனக்குச் சொன்னா புரியாதுக்கா" என்பான்.

இங்கே அவனை எடுத்தபோது வந்தவர்கள் இருபது பேர். லுங்கியோடு வீட்டில் இருந்தவன்தானே என்று தெருவில் இளக்காரம். பெரியப்பா ரங்கசாமி பந்தலிலேயே, "கம்ப்யூட்டர் பொட்டி முன்னாடி குந்திகினே இருந்தான், இன்னாத்தக் கண்டான்?" என்றார். உங்கள் குழுவில் நாலாயிரம் பேர் இருக்கிறார்களாமே. அதில் நாலு பேராவது அவனுக்காக அழ வேண்டும் தம்பி. எனக்கு வேறு ஆசை இல்லை. ஆகையால் கடிதம் கண்டதும் எல்லோருக்கும் சேதியைச் சொல்லி, அவன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பனியனை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

குழுவில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் கண் கெடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வயசு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
புஷ்பலதா

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது பவித்ரா என்று ஒரு பெண் கேள்வி போட்டாள். முதல் வேலையாம், அவளுக்கும் எல்லாம் தூங்குதாம். மூன்றாவதை அனுப்பினேன். அப்புறம், "சரியாயிடுச்சி! நீங்க இல்லன்னா நாங்க இன்னாண்ணா பண்ணுவோம்?" என்கிறாள். எனக்கும் அதுதான் தெரியவில்லை. அதனால் மேலே எழுதினதை யாரிடமும் சொல்ல வேண்டாம், அழுவறத நான் ஒருத்தியே அழுதுக்கறேன். பனியனும் வராது. தறியில் உட்கார அதைத்தான் போட்டிருக்கிறேன். தொளதொளன்னு இருக்கு, அடுத்த மாசம் ஒரு சைஸ் சின்னதா அனுப்புங்க.