பிணத்துக்கென்ன கமரா முகம்

படம் எடுப்பதென்றால் எனக்குச் சரியான வெட்கம். என்ர கலியாணப் படத்திலேயே உச்சியும் பூவும்தான் தெரியும். அப்படிப்பட்ட நான் அறுபத்தெட்டு வயதில் கமராவுக்கு முன்னால் படுத்ததற்கு ஒரே காரணம் பொறாமை.

கிளிநொச்சிப் பெடியள் குறும்படம் எடுக்கப் பரந்தனில் எங்கட வீட்டுக்கு வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடுத்தது நான். வேலிக்கு அங்கால நின்று எட்டிப் பார்த்தது என்ர மனிசன்ர தங்கச்சி, பாக்கியம் மச்சாள். டைரக்டர் தம்பி என்ர கையால் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு அவாவைப் பார்த்துச் சொல்கிறார், "அன்ரிக்கு நல்ல கமரா முகம்."

அப்படியென்றால், நேரில் எப்படி இருந்தாலும் திரையில் அந்த ஆளை விட்டுக் கண்ணை எடுக்க ஏலாதாம். சினிமாக்காரரின் கதை. (நேரில் எப்படி இருந்தாலும் என்ற இடம் மட்டும் எனக்குப் பிடித்தது.)

அன்றிலிருந்து மச்சாள் வெங்காயம் உரிப்பதென்றாலும் முகத்தை ஒரு பக்கம் சாய்த்துத்தான் உரித்தா.

கதையில் அக்கா செத்துப்போக, தங்கச்சி அழவேணும். தங்கச்சி, மச்சாள்தான். "பிணமா ஆரும் படுப்பியளோ?" என்று தம்பி கேட்டார்.

"நான் படுக்கிறன்."

சொன்னது என்ர வாய்தான். பிணமென்றாலும் முகம் தெரியும்தானே. அந்தச் சொல்லை அவர் வாயால் எனக்கும் ஒருக்கால் கேட்கவேணும். ஒளித்துப் பவுடரும் போட்டேன்.

முறைப்படி நாடியைச் சீலைத்துண்டால் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நீட்டு மர வாங்கில் கிடத்தினார்கள்.

"உங்களுக்கு வந்தபடி அழுங்கோ அன்ரி" என்றார் தம்பி.

மச்சாள் தொடங்கினா. பக்கத்தில் ஆரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். உண்மையாகவே கண்ணீர் வருகிறதோ என்று ஒரு கண்ணை நூலளவு திறந்து பார்த்தேன். பொலுபொலுவென்று கொட்டுகிறது. டைரக்டரும் அழுகிறார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செத்துக் கிடந்தேன்.

அப்போதுதான் அவா, "என்ர அக்கா, உப்பில்லாத குழம்பெண்டாலும் கூப்பிட்டுத் தருவியே..."

"எந்தக் குழம்பில உப்பில்லை?"

நாடிக்கட்டோடு எழும்பினேன். கால்கட்டு நினைவில் இல்லை. வாங்கிலிருந்து நேரே மச்சாளின் மடியில் விழுந்தேன். (அவா அப்பவும் முகத்தைக் கமராப் பக்கம்தான் வைத்திருந்தா.)

திரும்ப எடுக்கும்போது என்னை முகத்தோடு சேர்த்து வெள்ளைச் சீலையால் மூடிவிட்டார்கள். படம் வந்ததும் வீட்டிலுள்ள எல்லாரும் கூடியிருந்து போனில் பார்த்தோம். திரை முழுக்க மச்சாளின் முகம். என்ர பங்குக்குச் சீலைக்கு வெளியே இரண்டு பெருவிரல்.

"விரலுக்கு நல்ல கமரா முகம், மச்சாள்" என்றா பாக்கியம், வலு சாந்தமாக.

இப்பவும் மத்தியானத்தில் நான் கண்ணயர்ந்தால் பேத்தி காதுக்குள் வந்து, "அம்மம்மா, கமரா ஓடுது" என்பாள். நான் அசையமாட்டேன். பிறகு மெதுவாக, "குழம்புக்கு உப்புக் காணாதாம்" என்பாள்.

இன்றுவரை ஒருநாளாவது செத்தபடி கிடக்க என்னால் ஏலவில்லை.